ஆள் நிற்க வேண்டுமென்றால் எதில் காசு போடுவது? வன்னியின் சிறு தொழிலகங்களுக்கான ஒரு ஒப்பீடு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கே கேட்டாலும் இருபது முப்பது பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "ஆக்கள் ஒழுங்கா வரீனமில்லை, வந்தாலும் நிக்கீனமில்லை." அதற்கு மருந்தாக ஒருவர் சம்பளத்தைக் கூட்டுகிறார், இன்னொருவர் முழு வரவுக்குப் பணம் கொடுக்கிறார், வேறொருவர் வான் விடுகிறார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் காசு போயிருக்கும், பதிவேட்டில் அதே ஓட்டை இருக்கும். பெரும்பாலும் கொடுத்த தொகை குறைவென்பதால் அல்ல, ஓட்டை ஓரிடத்தில் இருக்க அடைத்தது வேறிடத்தில் என்பதால்.

கணக்குப் போட வசதியாக ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். பரந்தன் பக்கம் கச்சானைத் தெரிந்தெடுத்து, வறுத்து, பொதியிடும் நிலையம். 25 பேர், அதில் 20 பேர் பெண்கள். 13 பேர் அயலூர், 12 பேர் ஏ-35 வீதியில் கிழக்கே 22 கிலோமீற்றர் தள்ளியிருக்கிறவர்கள். முதலாளி மாதம் 75,000 ரூபாய், அதாவது ஆளுக்கு 3,000 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கத் தயார். எதில் போடலாம்? கீழே வரும் வான் கட்டணம், கச்சான் விலை போன்றவை கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் இடத்து விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் பதிவேடு

காசை எடுக்குமுன் கடந்த மூன்று மாத வரவுப் பதிவேட்டை ஒரு கொப்பியில் வேறு விதமாக எழுதிப் பாருங்கள். வராத ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து விடயம்: என்ன கிழமை, எந்த ஊர் ஆள், வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதம், எந்தச் சுப்பவைசரின் கீழ், முன்கூட்டிச் சொன்னாரா இல்லையா. விலகிப் போனவர்களுக்கும் இதே போல ஒரு பட்டியல்.

இரண்டு மணி நேர வேலை. ஆனால் பாதி முடிவு இங்கேயே கிடைத்துவிடும். விலகியவர்களில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள் போனவர்கள் என்றால் சிக்கல் சம்பளத்தில் இருக்க வாய்ப்புக் குறைவு. சம்பளம் எவ்வளவென்று தெரிந்துதானே வந்தார்கள். பயணம், வேலை பழக்கிய விதம், முதல் வாரம் வாங்கிய பேச்சு, இவற்றில் ஏதோ ஒன்று. இரண்டு வருடம் நின்றவர்கள் போகிறார்கள் என்றால் மேலே ஏற வழியில்லை என்று பொருள். ஒரே கிழமையில், ஒரே ஊர் ஆட்கள் வரவில்லையென்றால் அந்த ஊருக்கு அன்றைக்கு நுண்கடன் அறவிடுபவர் வருகிறாரா என்று விசாரியுங்கள். குழுக் கடனில் கட்டுப் பணத்தோடு ஆளும் போய் இருக்க வேண்டியிருப்பதால் வேலை நாள் போகும். விலகியவர்கள் எல்லாரும் ஒரே சுப்பவைசரின் கீழ் இருந்தவர்கள் என்றால் இந்தக் கட்டுரையின் மீதியை வாசிக்கத் தேவையில்லை. அந்த ஒருவரோடு பேசுங்கள்.

ஆட்களிடம் கேட்பதும் தேவைதான், ஆனால் 25 பேர் இருக்கும் இடத்தில் பெயர் எழுதாத கருத்துப் படிவம் என்பது வேடிக்கை. கையெழுத்தைப் பார்த்தாலே யாரென்று தெரிந்துவிடும். அதைவிட ஆறு தகரப் பேணி வையுங்கள். மூடியில் காசு போடுகிற அளவுக்கு ஒரு கீறல். ஒவ்வொன்றிலும் ஒரு படமும் ஒரு சொல்லும்: சம்பளம், பயணம், சாப்பாடு, லீவு, முற்பணம், மரியாதை. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. எது முக்கியமோ அதற்குக் கூடப் போடலாம், பத்தையும் ஒன்றிலேயே போட்டாலும் சரி. பேணிகளைச் சாப்பாட்டு அறையின் மூலையில் வைத்து, முதலாளியும் சுப்பவைசரும் அன்று அந்தப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். எண்ணும்போது ஊழியர்களில் இரண்டு பேரைக் கூட வைத்துக்கொண்டு எல்லார் முன்னும் எண்ணுங்கள். "மரியாதை" பேணி நிரம்பியிருந்தால் அதை மறைக்க வேண்டாம்.

அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டுவது

எல்லாருக்கும் விளங்கும், யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆனால் 3,000 கொடுக்கிறேன் என்று சொல்லுமுன் பின்னால் வருகிற கணக்கையும் பார்க்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எஃப். இற்கு, முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். ஆக 3,000 உயர்த்தினால் செலவு 3,450. ஊழியரின் கைக்கு வருவது 2,760. 25 பேருக்கு 86,250 ரூபாய், கையிலிருக்கும் 75,000 போதாது. 75,000 இற்குள் நிற்க வேண்டுமென்றால் உயர்வு ஏறத்தாழ 2,600, கைக்கு வருவது 2,400.

அதோடு முடியவில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவு ஒன்றரை மடங்காக இந்தச் சம்பளத்திலிருந்துதான் கணக்கிடப்படும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்த இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. பத்து வருடம் இருந்த ஒருவருக்கு இன்று 3,000 கூட்டினால் பணிக்கொடைக் கடன் 15,000 கூடுகிறது.

அதற்காகக் கூட்டக் கூடாது என்பதல்ல. தேசிய ஆகக் குறைந்த வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகவும் ஏறிவிட்டது. நாட்கூலி 1,200. அந்தக் கோட்டை ஒட்டிக் கொடுத்துக்கொண்டு, பக்கத்து ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸும் விட்டு அதைவிடக் கூடக் கொடுக்கும்போது, வேறு எந்த ஊக்கமும் பிடிக்காது. பெரிய தொழிற்சாலையின் ஆரம்பச் சம்பளத்துக்கும் உங்களதற்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஆளின் மாதப் பஸ் காசைவிடக் கூடவென்றால், முதலில் சம்பளம்தான். அதைவிடக் குறைவென்றால் உள்ள காசை வேறு வழியில் போடலாம்.

உயர்வு ஒன்றின் மகிழ்ச்சி நெடுநாள் இருக்காது என்பதையும் எதிர்பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். 1959 இல் பிரெடரிக் ஹேர்ஸ்பேர்க் தன் குழுவோடு அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் பகுதிப் பொறியியலாளரையும் கணக்காளரையும் கேட்டு எழுதியதன் சாரம் இதுதான்: சம்பளம், வேலைச் சூழல், மேலாளரின் நடத்தை சரியில்லையென்றால் மனம் வெறுக்கும், சரியாக இருந்தால் வெறுப்பு நீங்கும், அதற்காக ஊக்கம் தானாக வந்துவிடாது. அவருடைய முறையைப் பின்வந்தவர்கள் நிறையக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இருந்தாலும் சிறு தொழிலகத்துக்கு இந்தப் பிரிப்பு உதவும்.

முழு வரவுப் பணம்

மாதம் முழுக்க வந்தால் 3,000. இதைவிட இலகுவான திட்டம் இல்லை, இதைவிடச் சீக்கிரம் பிழைத்துப்போகிற திட்டமும் இல்லை. நாலாந் திகதி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் வராமல் நின்ற தாய்க்கு அந்த மாதத்தின் மீதி நாட்களில் இந்தப் பணம் ஒன்றும் சொல்வதில்லை. "போனது போச்சு" என்று இன்னும் இரண்டு நாள் நிற்பார். தனியாளாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்கள் நிறைய உள்ள இடத்தில் இந்தப் பணத்தை இழப்பது கவலையீனமானவரல்ல, வீட்டில் மாற்றாள் இல்லாதவர்.

ஜேர்மனியில் ஒரு சில்லறைக் கடைத் தொடரின் பயிலுநர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வரவுக்குப் பணம் என்று அறிவித்த கடைகளில் வராமை குறையவில்லை, கூடியது. வருவது வழக்கமான கடமை என்றிருந்ததை, வந்தால் பரிசு என்று மாற்றியதும், வராமல் விடுவதும் ஒரு சாதாரணத் தெரிவாகிவிட்டது.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வாரமாகப் பிரியுங்கள். வாரத்துக்கு 600, நாலு வாரமும் கிடைத்தவருக்கு இன்னொரு 600. ஒரு வாரம் விட்டால் அந்த 1,200 போகும், மற்ற மூன்று வாரத்தின் 1,800 நிற்கும். முன்கூட்டிச் சொல்லி எடுத்த சட்டப்படியான லீவை வராமையில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், சட்டம் கொடுத்த லீவுக்கு நீங்கள் தண்டம் அறவிடுகிறீர்கள் என்றாகும். தொழில் அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு போனால் விளக்கம் சொல்லக் கடினம்.

உற்பத்திக்கு ஏற்ற பணம்

இதற்கு ஆதரவாக எப்போதும் எடுத்துக் காட்டப்படுவது, அமெரிக்காவில் வாகனக் கண்ணாடி பொருத்தும் நிறுவனம் ஒன்று. 1990 களின் நடுவில் மணிக்கணக்குச் சம்பளத்திலிருந்து கண்ணாடிக் கணக்குக்கு மாறியபோது ஓர் ஆளின் வேலை 44 வீதம் கூடியதாகப் பொருளியலாளர் எட்வேர்ட் லசியர் கணக்கிட்டார். அதில் ஏறத்தாழப் பாதிதான் இருந்தவர்கள் வேகமாகச் செய்ததால் வந்தது. மற்றது, வேகமானவர்கள் வந்து சேர்ந்ததாலும் நின்றதாலும். அங்கே ஒரு கண்ணாடிக்கு ஓர் ஆள். பிழைத்தால் யார் கை என்று தெரியும். பரந்தனில் எங்கள் கச்சான் மேசை அப்படியா?

ஒரு மேசையில் ஆறு பேர்: இரண்டு பேர் தெரிந்தெடுப்பது, இரண்டு பேர் நிறுப்பது, ஒருவர் சீல் வைப்பது, ஒருவர் எண்ணிப் பெட்டியில் அடுக்குவது. எட்டு மணி நேரத்தில் 100 கிராம் பைக்கற் 1,200 என்பது வழக்கமான அளவு என்று வைப்போம். 1,200 இற்கு மேல் ஒவ்வொரு பைக்கற்றுக்கும் 2 ரூபாய், ஆறு பேருக்கும் பங்கு. 1,450 செய்தால் 500 ரூபாய், ஆளுக்கு 83. முதலாளிக்கு மிக மலிவாகத் தெரியும்.

இப்போது தராசைப் பாருங்கள். அவசரத்தில் நிறுப்பவர் முள்ளோ எண்ணோ அடங்கும்வரை காத்திருக்க மாட்டார். குறைந்தால் திருப்பி வரும் என்ற பயத்தில் ஒரு பிடி கூடத்தான் போடுவார். பைக்கற்றில் 105 கிராம் என்றால் 1,450 பைக்கற்றில் 7.25 கிலோ கச்சான் சும்மா போகிறது. வறுத்துத் தெரிந்தெடுத்த கச்சான் கிலோ 800 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 5,800 ரூபாய். கொடுத்த ஊக்கம் 500, ஓடியது 5,800. சீலும் அப்படியே. சூடு பிடிக்குமுன் கையை எடுத்தால் ஓரம் ஒட்டாது, காற்றுப் புகுந்து பத்து நாளில் கச்சான் நமத்துப் போகும். கடைக்காரர் திருப்பி அனுப்பும்போது ஊக்கப் பணம் கொடுத்து முடிந்திருக்கும்.

ஆகவே இதைத் தொடங்குமுன் மூன்று ஏற்பாடு வேண்டும். ஒன்று, எண்ணிக்கையோடு தரமும் கணக்கில் வர வேண்டும்: மணிக்கு பத்துப் பைக்கற்றை எழுந்தமானமாக எடுத்து நிறுத்து, சராசரி 100 இற்கும் 102 இற்கும் இடையில் இருந்தால்தான் அந்த மணியின் பைக்கற் கணக்கில் சேரும். அந்தப் பத்தையும் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் சீல் பிழை. அடுத்தது, மின்வெட்டும் மெசின் பழுதும் ஆட்களின் தலையில் விழக் கூடாது. நின்ற நிமிடத்தைச் சுப்பவைசர் எழுதி, அதற்கேற்ப இலக்கைக் குறைக்க வேண்டும். அரை மணி நேரம் நின்றால் 1,200 என்பது 1,125. கடைசியாக, ஒருமுறை சொன்ன இலக்கை ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள். 1,450 செய்துவிட்டார்கள் என்று அடுத்த மாதமே இலக்கை 1,400 ஆக்கினால், அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் 1,210 இற்கு மேல் போக மாட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் ஏலாது.

பைக்கற் கணக்கில் கொடுக்கிற பணத்துக்கும் ஈ.பி.எஃப். உண்டு, மேலதிக நேரப் பணத்துக்கு இல்லை. மேசை வேலைக்கு இந்த முறையைக் கடைசித் தெரிவாகவே வைப்பது நல்லது. ஓர் ஆள் தனியே தொடங்கித் தனியே முடிக்கிற வேலை, உதாரணமாகப் பாய் பின்னுதல், உடைத்த கச்சானைக் கிலோக் கணக்கில் ஒப்படைத்தல், இவற்றுக்குப் பொருந்தும்.

வானா, நேரத்தை மாற்றுவதா?

தூரத்து ஆட்கள்தான் கூடுதலாக வராமல் விடுகிறார்கள் என்று பதிவேடு சொன்னால் முதலில் மனதில் வருவது வான். கணக்கு இப்படி: 22 கிலோமீற்றர். வான் உங்கள் இடத்திலிருந்து போய் ஏற்றி வந்து, மாலையில் கொண்டுபோய் விட்டுத் திரும்பினால் நாளுக்கு 88 கிலோமீற்றர், 25 நாளுக்கு 2,200. அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவரின் வானை எடுத்து, பகலில் உங்கள் வளவில் நிறுத்தினால் 44, மாதம் 1,100. கிலோமீற்றருக்கு 80 ரூபாய் பேசினால் முன்னது 176,000, பின்னது 88,000. ஓட்டுநர் எந்தப் பக்கத்து ஆள் என்பதில் மட்டும் 88,000 ரூபாய் வித்தியாசம். வருகிற 12 பேரிடமும் மாதம் 2,000 வாங்கினாலும் இன்னும் 64,000 உங்கள் கையிலிருந்து போகும். அதோடு பட்ஜெட் முடிந்தது. அயலூர் 13 பேருக்கு ஒன்றும் இல்லை என்ற முணுமுணுப்பு இலவசம். வான் பழுதானால் ஒரே நாளில் 12 பேர் இல்லை.

இதைவிட மலிவான வழி பலரின் கண்ணில் படுவதில்லை: கடிகாரம். வேலை 7.30 இற்குத் தொடங்குகிறது, பஸ் 7.50 இற்குத்தான் சந்தியில் இறக்குகிறது என்றால், தொடக்கத்தை 8.00 ஆக்குங்கள். மாலையில் கடைசி நல்ல பஸ் 5.10 என்றால் 4.55 இற்கு விடுங்கள், மதிய இடைவேளையைச் சுருக்கிச் சரிக்கட்டலாம். இதற்குச் செலவு இல்லை. இதற்குப் பிறகும் தேவையென்றால் பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளவர்களுக்கு மட்டும் 2,000 ரூபாய் தூரப் பணம்: 12 பேருக்கு 24,000.

வானுக்குத்தான் போக வேண்டும் என்ற இடங்களும் உண்டு. இருட்டிய பிறகு விடுகிற வேலை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் போல யானை இறங்குகிற பாதை, கார்த்திகை மார்கழி மழைக்கு ஒழுங்கையெல்லாம் தண்ணீர் நிற்கிற ஊர். அங்கே செலவைப் பார்க்காமல் வான் விடுங்கள், இல்லையென்றால் அந்த ஊர் ஆட்களை மாலை வேலைக்குப் போடாதீர்கள். வீட்டுப் படலைக்குப் படலை போய் ஏற்றத் தொடங்கினால் பயணம் ஒன்றரை மணி நேரமாகும். ஏற்றுமிடம் நாலுக்கு மேல் வைக்காதீர்கள்.

முற்பணம்

வாரக் கடனும் நகை அடைவும் உள்ள வீட்டுக்கு, 3,000 உயர்வைவிடத் தேவையான நாளில் கிடைக்கும் 15,000 பெரிது. 25 பேரில் ஒரே நேரத்தில் எட்டுப் பேர் எடுத்தால் 120,000 சுழல வேண்டும். அது செலவல்ல, திரும்பி வருகிற காசு. விதிகள் குறுகியதாக இருக்கட்டும்: சேர்ந்து ஆறு மாதம் முடிந்தவருக்கு, அரை மாதச் சம்பளத்துக்கு மேற்படாமல், பத்துத் தவணை, வட்டி இல்லை, ஒன்று முடிந்தே அடுத்தது. எழுத்தில் சம்மதம் வாங்கிச் சம்பளச் சிட்டையில் தனி வரியாகக் காட்டுங்கள்.

கூட வேலை செய்கிறவரைப் பிணை வைக்காதீர்கள். கடன் எடுத்தவர் சொல்லாமல் நின்றுவிட்டால், அறவீட்டுக்குப் பயந்து பிணை நின்றவரும் நின்றுவிடுவார். ஒரு கடனுக்கு இரண்டு ஆள் போகும். அரை மாதச் சம்பளம் என்ற எல்லை இருந்தால் இழப்பும் அதற்குள்தான்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். விதைப்புக் காலம், பள்ளிக்கூடம் புதிய வருடம் தொடங்குவது, தைப்பொங்கல், தீபாவளி, நத்தார். கேட்டவருக்கு மூன்று நாளுக்குள் விடை சொல்லுங்கள். இரண்டு வாரம் இழுத்தால் அவர் வாரக் கடன்காரரிடம் போய் வந்துவிடுவார், உங்கள் திட்டம் அங்கேயே தோற்றுவிடும். கேட்பவர் ஏன் என்று எல்லார் முன்னும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலையையும் வைக்காதீர்கள்.

லீவைச் சொல்லி எடுக்க வைப்பது

வன்னியில் ஆட்கள் வராத நாட்களில் பெரும்பகுதி முன்னரே தெரிந்த நாட்கள்தான். காலபோக நெல் வெட்டு தை பின்கூறில் தொடங்கிப் பங்குனி வரை, சிறுபோகம் செய்கிற குளத்துக் கீழ் ஊர்களுக்கு ஆடி ஆவணி. பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல், ஓகஸ்ட் 15 மடு மாதா திருநாள். இந்த நாட்களில் முழு மேசையோடு வேலை எடுக்கலாம் என்று ஓடர் பிடிப்பது முதலாளியின் பிழை. பிறகு ஆட்களை ஏசிப் பயனில்லை.

சுவரில் நாலு மாதக் கலண்டர் ஒன்றை மாட்டி, ஒரு நாளுக்கு இத்தனை பேர்தான் லீவில் நிற்கலாம் என்று கட்டம் போடுங்கள். 25 பேரில் நாலு. வேண்டியவர் பெயரைத் தானே எழுதட்டும். நிரம்பிவிட்டால் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளட்டும். வற்றாப்பளைப் பொங்கல் போன்ற நாளில் நாலு போதாது. அன்று இடத்தையே மூடி, வேறொரு விடுமுறை நாளில் இணக்கத்தோடு ஈடு செய்வது மேல். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு வருடம் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும் இருக்கின்றன. பல இடங்களில் இவை எத்தனை மீதி என்று ஊழியருக்கே தெரியாது. கலண்டருக்குப் பக்கத்தில் ஒவ்வொருவரின் மீதியையும் எழுதிப் போட்டாலே, சொல்லாமல் நிற்பது குறையும்.

இதில் மிகச் சிறியதும் மிகப் பலனுள்ளதும் சோட் லீவு. மாதம் இரண்டு முறை, இரண்டிரண்டு மணி நேரம். கிளினிக், வங்கி, பிரதேச செயலகம், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டம் இவற்றுக்காக முழுநாள் நிற்பவர் காலையில் போய்ப் பத்து மணிக்கு வந்துவிடுவார். எட்டு மணி நேரம் போகிற இடத்தில் இரண்டு மணி நேரம் போகிறது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை மகப்பேற்று நன்மைச் சட்டத்திலேயே இருக்கிறது. வளவில் பிள்ளைப் பராமரிப்பு அறை இருந்தால் தலா அரை மணி, இல்லாவிட்டால் தலா ஒரு மணி. அதைச் சலுகையாகக் கணக்கில் காட்டாதீர்கள்.

மேலே ஏற ஒரு படி

இரண்டு வருடம் நின்றவருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே சம்பளம் என்றால், முன்னவர் போவது இயல்பு. மூன்று தரம் போதும். முதல் தரம், ஒரு வேலை தெரிந்தவர். இரண்டாம் தரம், தெரிந்தெடுப்பது, நிறுப்பது, சீல் வைப்பது மூன்றும் தெரிந்தவர். மூன்றாம் தரம், வறுவல் இயந்திரமும் பதிவும் தெரிந்து புதியவருக்குப் பழக்கக் கூடியவர். தரத்துக்குத் தரம் 1,500. எட்டுப் பேர் ஒரு படி ஏறினால் 12,000, முதலாளியின் 15 வீதத்தோடு 13,800. யாருக்கு எந்தத் தரம் என்பதைச் செய்து காட்டும் சோதனையால் தீர்மானியுங்கள், அதன் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். முதலாளியின் விருப்பம் என்று தெரிந்தால் இதைப் போல மனம் முறிக்கிற ஒன்று வேறில்லை. இன்னொரு இலாபமும் உண்டு: இரண்டாம் தரத்தார் எட்டுப் பேர் இருந்தால் ஒருவர் வராத நாளில் மேசை நிற்காது.

இயந்திரத் திருத்தம், மின், வெல்டிங் போன்ற வேலைகளுக்கு தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் கை கொடுக்கும். அனுபவத்தை மதிப்பிட்டே அதைப் பெறும் வழி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்திலிருந்து ஆள் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். சான்றிதழ் கிடைத்ததும் போய்விடுவார்களே என்று கேட்பவருக்கு: சிலர் போவார்கள். அரச நியமனக் கடிதம் வந்தால் எல்லாரும் போவார்கள், அதோடு போட்டி போட முடியாது. வேலையை இன்னொருவருக்கு இரண்டு வாரம் பழக்கிவிட்டுப் போகிறவருக்கு ஒரு சிறு தொகை என்று வைத்துவிடுங்கள்.

பாராட்டும் சுற்றுலாவும்

"மாதத்தின் சிறந்த ஊழியர்" படத்தைச் சிறிய இடத்தில் மாட்டாதீர்கள். மூன்றாம் மாதத்தில் சுற்றி வந்து முறைக்கு ஒருவராகிவிடும், அல்லது ஒருவருக்கே கிடைத்து அவர் மற்றவர்களின் பகையாகிவிடுவார். சுற்றுலா நல்லதுதான், ஆனால் இரவு தங்குகிற பயணமென்றால் பிள்ளைக்காரப் பெண்கள் வர முடியாது. காசு இளம் ஆட்களுக்குப் போகும்.

சுப்பவைசரின் வாய்க்கு மட்டும் ஒரு விதி வையுங்கள். பிழையை மேசைக்கு வெளியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். வயதில் மூத்தவரை அக்கா, அண்ணா என்றும் இளையவரைத் தங்கச்சி, தம்பி என்றும் கூப்பிட வேண்டும், "ஏய்", "இஞ்ச வா" கிடையாது. வவுனியாப் பக்கம் போல தமிழும் சிங்களமும் கலந்த இடத்தில், உத்தரவு கொடுப்பவரின் மொழி மேசைக்குத் தெரியாவிட்டால் இடையில் நிற்கிற ஒருவரின் கையில் முழு அதிகாரமும் போய்விடும். தராசு அளவும் சீல் சூடும் இரண்டு மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தால் அந்த இடைத்தரகு தேவையில்லை.

75,000 ஐப் பிரித்தால்

மேற்சொன்ன மாதிரி நிலையத்துக்கு, பதிவேடு தூரத்து ஆட்களையும் சொல்லாமல் எடுக்கும் லீவையும் காட்டினால், பிரிப்பு இப்படி வரும்: தூரப் பணம் 24,000, தரப்படி 13,800, முற்பண நிதிக்கு மாதம் 10,000. இது ஒரு வருடத்தில் 120,000 ஆகிவிடும், பிறகு நிறுத்தலாம். பத்து மணிக்குத் தேநீரும் பிஸ்கற்றும் ஆளுக்கு நாளுக்கு 40 ரூபாய்ப்படி 25,000. விடியப்புறம் ஐந்தரைக்குச் சமைத்து வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் வருகிற பெண்கள் பாதிப்பேர் இருக்கும் இடத்தில் பதினொரு மணித் தலைச்சுற்றலும் தராசுப் பிழையும் இதனால்தான். மதியச் சாப்பாடே கொடுப்பதென்றால், அதன் பெறுமதியும் ஈ.பி.எஃப். கணக்கில் வரும் என்பதை மறக்க வேண்டாம். மொத்தம் 72,800. மீதி 2,200 பஸ் தவறிய நாளில் ஓட்டோவுக்கு. கடிகார மாற்றம், லீவுக் கலண்டர், சோட் லீவு, சுப்பவைசர் விதி இவற்றுக்குக் காசு இல்லை. இவற்றைத்தான் முதல் மாதத்தில் செய்ய வேண்டும், காசுத் திட்டங்களை இரண்டாம் மாதத்திலிருந்து.

நெல் ஆலைக்கு இதே பிரிப்பு சரிவராது. அங்கே வேலை போகத்தோடு ஏறி இறங்கும். வெட்டுக் காலத்தில் ஆளுக்கு வரும் மேலதிக நேரப் பணமே பெரிய ஊக்கம்; சோர்வான மாதங்களில் எத்தனை நாள் வேலை நிச்சயம் என்று எழுத்தில் கொடுத்தால் ஆள் நிற்கும். ஒப்பந்தத்தில் ஓடுகிற தொண்டு நிறுவன அலுவலகங்களில் வேறு கதை. திட்டம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே ஆட்கள் வேறிடம் தேடத் தொடங்குவார்கள். நீடிப்பு உண்டா இல்லையா என்பதைக் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன் சொல்லி, கடைசி நாள் வரை நிற்பவருக்கு முடிவுப் பணம் வைப்பது எந்தப் பயிற்சிப் பட்டறையையும் விடப் பலன் தரும்.

எதைத் தொடங்கினாலும் ஆறு மாதத்துக்கு என்று முடிவுத் திகதியோடு அறிவியுங்கள். திகதி சொல்லாமல் தொடங்கி இடையில் நிறுத்தினால், கொடுக்காமலே இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய வெறுப்பைவிடக் கூடுதலான வெறுப்பு வரும். மூன்றாம் மாதம் அதே கொப்பியை எடுத்து, அதே ஐந்து விடயத்தை மீண்டும் எழுதுங்கள். பருவத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள்: மாசி வெட்டுக் காலத்தை வைகாசியோடு ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் வெற்றி போலத் தெரியும். போன வருடத்து மாசியோடு ஒப்பிட வேண்டும்.